ஒரு பார்மா விலைக்குள் ஒரு வாம்பட்

கெல்வின் டிரஸ்காட்டுக்கு அன்று மத்தியானத்துக்குள் ஒரு ரிப்பன் கிடைத்தாக வேண்டும். நீலம் கிடைத்தால் கொண்டாட்டம், சிவப்பானாலும் சரி, மூன்றாம் பரிசுக்குக் கொடுக்கிற வெளிறிப்போன வெள்ளையானாலும் தலையில் கட்டிக்கொண்டு ஆடத் தயார். எதுவுமே கிடைக்காமல் போனால், மனைவியின் அக்கா ஏவ்ரில் தன்னுடைய கூண்டுக் கிளிகளோடும் மின்சார ஆர்கனோடும் அவர் வீட்டுப் பின்னறையில் நிரந்தரமாகக் குடியேறிவிடுவாள்.

ஏவ்ரில் சாதாரண மனுஷி இல்லை. அவள் பேச ஆரம்பித்தால் கூனாபின் ஊரின் கோதுமைக் கிடங்கு எலிகள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஒருமுறை வானொலி நிலையத்துக்கு ஃபோன் போட்டு வானிலை அறிக்கையைத் திருத்தினாள். அதற்குப் பயந்து அந்த வருஷம் மழை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பின்னறையில் இப்போது குடியிருப்பவை, ஒன்றோடொன்று பொருத்திக் கட்டுகிற கெல்வினின் பிளாஸ்டிக் பிளாக்ஸ். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மறுவாரமே, பேரனுக்கென்று வாங்கிய ஒரு பெட்டியைத் தானே பிரித்து உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அலமாரி நிரம்பியது, கட்டில் நிரம்பியது, கட்டிலுக்கு அடியும் நிரம்பியது. அறைக் கதவைத் திறந்தால் வண்ணக் கட்டைகள் அணை உடைந்தாற்போல் கூடத்துக்கு ஓடிவரும் என்று மனைவி நெரிடா சொல்வாள். கொஞ்சம்தான் மிகை.

“அக்கா வீட்டை விக்கிறா, கெல். பின்னறையைக் கேக்குறா,” என்றாள் நெரிடா ஒருநாள் சாப்பாட்டு மேசையில்.

“முடியாதுன்னு சொல்லிடேன்.”

“நீ சொல்லு பாப்போம். அவகிட்ட யாராவது இதுவரைக்கும் முடியாதுன்னு சொல்லியிருக்காங்களா? பொம்மை அடுக்கி வெச்சிருக்கோம், இடமில்லன்னு சொன்னா ஊரைக் கூட்டிச் சிரிப்பா.”

“பொம்மை இல்ல. சேகரிப்பு.”

“அப்படின்னா ஊர் ஒத்துக்கிற மாதிரி ஏதாவது காட்டு. கண்காட்சில ஒரே ஒரு ரிப்பன் வாங்கிட்டு வா. ‘இது பரிசு வாங்குற ஆளோட அறை அக்கா, கலைக்க முடியாது’ன்னு நானே சொல்லிடுறேன். இல்லேன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டி தர்மக் கடைக்குக் கொடுத்துடு.”

ஊரே மதிப்பது கூனாபின் வேளாண் கண்காட்சியின் ரிப்பனைத்தான். கோதுமைக் கதிர், கொழுத்த செம்மறி, ஊறுகாய், பழக் கேக் என்று போட்டி நடக்கிற அந்தத் தகரக் கொட்டகையில், அந்த வருஷம் புதிதாக ஒரு பிரிவு சேர்த்திருந்தார்கள். வீடியோ கேமை ஒட்டி வந்த சின்ன பிளாக்ஸ் செட். விலை, பப்பில் ஒரு சிக்கன் பார்மா சாப்பாட்டைத் தாண்டக்கூடாது. பெட்டியில் வந்த கட்டைகளை மட்டும் வைத்துக் கட்டி, பெட்டியையும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கொடுத்த காசுக்கு எது அதிக மதிப்பு என்று நடுவர் தீர்ப்புச் சொல்வார். பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பிரிவு; ஊரிலுள்ள பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் பிள்ளைகளை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுப் பெயர் கொடுத்தார்கள்.

கெல்வின் எடுத்தது ‘வாம்பட் சுரங்கம்’. அந்த விளையாட்டில், கரடிக்குட்டிபோல் குண்டாக, வளை தோண்டி வாழும் பிராணியான வாம்பட் ஒன்று மண்ணைத் தோண்டிக்கொண்டே போய்ச் சிவப்புக் கற்களைத் தேடும்; வழி மறக்காமல் இருக்கப் பின்னால் சாணம் போட்டுக்கொண்டே போகும். வாம்பட் சாணம் சதுரக் கட்டையாகத்தான் விழும் என்பது இங்கே நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பிளாக்ஸில் செய்வதற்கென்றே கடவுள் படைத்த பிராணி என்று கெல்வின் அடித்துச் சொல்வார். பெட்டி உள்ளங்கை அகலம்தான். கட்டி முடித்தால் ஒரு மண்கட்டி, அதன்மேல் ஒரு வாம்பட், ஒரு லாந்தர், நாலைந்து சாணக் கட்டை. பார்க்கிறவன், “இவ்வளவுதானா?” என்பான்.

அங்கேதான் சூட்சுமம். மண்கட்டியின் மேல்பாதியைத் தூக்கினால் உள்ளே ஒரு வளை. வளைக்குள் சுருண்டு கிடக்கும் குட்டி வாம்பட். குட்டியின் காலடியில் கண்ணாடிபோல் ஒரு சிவப்புக் கல். பெட்டிப் படத்தில் இதெல்லாம் கிடையாது. பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல். குனிந்து பார்த்தால் அதன் வழியாகச் சிவப்பு மினுங்கும். பெட்டி சொன்னதைவிட அதிகமாகக் கொடுக்கிற செட் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று கெல்வின் நம்பினார்.

ஆனால் அந்தக் கல் இப்போது அவரிடம் இல்லை.

சில வாரங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், அடுக்களை மேசையின் ஒரு பாதியில் அவர் செட்டைப் பிரித்துப் பரப்பியிருந்தார். மறுபாதியில் நெரிடா கண்காட்சிக்கான பழக் கேக்குக்கு மாவும் பழமும் கலந்துகொண்டிருந்தாள். போட்டிக் கேக்கை முன்கூட்டியே சுட்டு ஊறப் போட வேண்டும். ஜன்னலில் ஒரு போஸம், பூனையளவு மரவாசிப் பிராணி, தலையைக் காட்டியது. நாய் மேசைக்கு அடியிலிருந்து பீரங்கிக் குண்டாகப் புறப்பட்டது. மேசை துள்ளியது, கட்டைகள் வானத்துக்கு எழும்பி மழையாகக் கொட்டின. எல்லாவற்றையும் பொறுக்கியாயிற்று, கல்லைத் தவிர. அடுப்புக்குப் பின்னால் தேடினார், தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையைக் கொட்டிக் கிளறினார், நாய்க்குப் பின்னாலேயே ஒரு குச்சியோடு இரண்டு நாள் அலைந்தார். சின்னஞ்சிறு துண்டுகளுக்குப் பெட்டியில் உபரி போடுகிற கம்பெனி இதற்குப் போடவில்லை. கம்பெனிக்கு எழுதினால் அனுப்புவார்கள். அது கண்காட்சி முடிந்து ஆற அமரத்தான் வரும். ஊர்க் கடையிலோ அந்தச் செட் தீர்ந்துபோயிருந்தது.

கடைசியில் அவர் கண் நெரிடாவின் செர்ரி ஜாடியில் விழுந்தது. போர்ட் ஒயினில் ஊறிய, பாகுப் பதம் ஏறிய செர்ரி. ஒன்றை எடுத்து, நகவெட்டியால் செதுக்கிச் செதுக்கி, வளைக்குள் பதித்து, ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தார். அசல் கல்லே தோற்றுப்போகும் மினுமினுப்பு.

‘யார் திறந்து பார்க்கப் போறான்?’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடுவராக வரப்போகிறவன் நகரத்துப் பையன், பிளாக்ஸ் மன்றத்துக்காரன். அவர்களெல்லாம் அடுத்தவன் கட்டியதைத் தொடமாட்டார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்துதான் பார்ப்பார்கள்.

கண்காட்சி அன்று காலை, வழக்கம்போல் கெல்வின் கொட்டகைக்குள் நடுவருக்கு உதவியாளாக வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நின்றார். அட்டை எழுதுவது, மேசை துடைப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது — உதவியாளின் வேலை அவ்வளவுதான். யார் பொருள் எது என்று நடுவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. உதவியாளைத் தவிர மற்றப் போட்டியாளர்கள் வெளியே நிற்க வேண்டும். கதவு உள்பக்கம் தாழ்.

கதவை மூடப் போகும்போது டேரில் பாப்ஜாய் உள்ளே தலையை நீட்டினான். ஆடு மாடு விற்றுக் கொடுக்கும் தரகனாக இருந்து ஓய்ந்தவன். அவனுடைய ‘விண்வெளிக் கோபுரம்’ மேசை நடுவில் முழங்கை உயரத்துக்கு நின்றது. தள்ளுபடி விற்பனையில் அடித்துப் பிடித்து வாங்கியது.

“என்ன கெல், உன் மண்ணாங்கட்டி எங்கடா? மேசை துடைக்கும்போது குப்பைன்னு தள்ளிடப் போறே.”

“உன் கோபுரத்து நிழல்ல இருக்கு. வெயில் படாம நல்லாத்தான் இருக்கு.”

“கணக்குப் போட்டுப் பாரு நண்பா! ஒரு கட்டை என்ன விலை விழுதுன்னு. என்னோடது ஒண்ணுக்குச் சல்லிக் காசுகூட ஆகல. உன்னோடதுல ஒவ்வொரு சாணமும் பவுன் விலை.”

“போடா வெளிய.”

“போறேன், போறேன். ஆமா, விஷயம் தெரியுமா? நகரத்துப் பையன் வரல. வழியில கங்காரு கார்மேல பாஞ்சிடுச்சாம். பாஞ்சதோட இல்லாம பின் சீட்ல போய் உக்காந்துடுச்சாம். ரெண்டு பேருக்கும் அடியில்ல, ஆனா கார் நகராது.”

கெல்வின் மேசைத் துணியைக் கீழே வைத்தார். “அப்ப யாரு பாக்குறது?”

டேரிலின் கண் கெல்வினின் தோளுக்குப் பின்னால் போயிற்று. அவன் முகம் வெளுத்துத் தலை தானாக வெளியே போயிற்று. கெல்வின் திரும்பினார்.

பின்வாசல் வழியாக மிஸஸ் குவில்டி வந்துகொண்டிருந்தார்.

இந்த வட்டாரத்தில் மிஸஸ் குவில்டியைத் தெரியாதவர்கள் கேக் சுடாதவர்கள். பழக் கேக் நடுவர். அவர் மூக்கைக் காட்டினால் போதும், எந்தக் கோழியின் முட்டை என்று சொல்லிவிடுவார். ஒருமுறை பிஷப்பின் மனைவி வைத்த ஸ்பஞ்ச் கேக்கின் அடியில், ஆற வைத்த கம்பித் தட்டின் தழும்பு இருந்தது என்று ‘விதிக்கு மாறு’ அட்டையை நட்டுவிட்டார்; பிஷப் வேறு மாகாணத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கூனாபினில் கடைசிப் பரிசு வாங்குவது அவமானமில்லை. அந்த அட்டை வாங்குவதுதான் அவமானம். அதை வாங்கினவர்கள் மூன்று தலைமுறைக்கு மளிகைக் கடைக்குப் பின்வாசல் வழியாகப் போவார்கள்.

அவருடைய இடுப்பில் தோல் உறைக்குள் கத்தி இருந்தது.

“என்னைப் பாக்கச் சொன்னாங்க கெல்வின்,” என்றார். “பிளாஸ்டிக்கெல்லாம் நான் பாத்ததில்ல. ஆனா மதிப்புப் போடுறது மதிப்புப் போடுறதுதான். எல்லாத்துக்கும் ஒரே முறை. கண்ணால பாக்கணும், கையில எடுத்துக் கனம் பாக்கணும், அறுத்து உள்ளே பாக்கணும்.”

“அறுத்தா?” கெல்வினுக்குக் குரல் கீச்சென்று வந்தது.

“பின்னே? அறுக்காத கேக்குக்கு நான் இதுவரைக்கும் பரிசு கொடுத்ததில்ல. மேல நல்லா இருக்கிறவங்க உள்ளே எப்படின்னு யாருக்குத் தெரியும்?”

முதல் ஆளாக டேரிலின் கோபுரம் மாட்டிக்கொண்டது. மிஸஸ் குவில்டி அதைத் தூக்கினார், புருவம் உயர்ந்தது. பெட்டியைப் பார்த்தார், பிறகு கத்தியின் முனையை இரண்டு அடுக்குகளுக்கு நடுவே கொடுத்து லேசாகத் திருகினார். கோபுரம் ‘பட்’டென்று இரண்டாயிற்று. கொட்டகையின் தகரச் சுவருக்கு வெளியே, ஆணி ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த யாரோ விம்மும் சத்தம் கேட்டது.

“காலி,” என்றார் மிஸஸ் குவில்டி. “உள்ளே ஒண்ணுமே இல்ல. பழத்தையெல்லாம் மேலேயே தூவிட்டு நடுவுல வெறும் காத்து. எழுதிக்கோங்க கெல்வின்: ஏமாத்துற கேக்.”

அடுத்தது ஒரு பாய்ந்தோடும் கார். ஓட்டுபவரின் தலையைத் திருகிக் கழற்றி முகர்ந்துவிட்டு, “பரவாயில்ல” என்றார். அடுத்தது ஒரு கடல் அரக்கன். ஒட்டுப் படம் கோணலாக ஒட்டியிருந்தது. “அவசரத்துல ஐசிங் பூசினது.” ஒவ்வொன்றாக மேசை ஓரமாக நகர்ந்து வந்தார். கெல்வினின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கால்சட்டைப் பையில் கைக்குட்டையைப் பிசைந்து பிசைந்து பந்தாக்கியிருந்தார்.

மிஸஸ் குவில்டி வாம்பட்டின் முன்னால் நின்றார்.

கையில் எடுத்தார். “சின்னதுக்கு நல்ல கனம்.” திருப்பினார். “அடி சமமா இருக்கு.” சாணக் கட்டையைத் தொட்டார். அவருடைய உதடு ஓரம் துடித்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய முடியாது. குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

“உள்ளே என்னவோ இருக்கே.”

கத்தி உறையிலிருந்து வெளியே வந்தது.

கெல்வின் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் ஏவ்ரில் ஆர்கனைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறினாள். ‘டக்’ என்று மேல்பாதி கழலும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. கொட்டகைக் கூரையில் நடந்துபோன காக்கட்டூக் கிளியின் நகச் சத்தம்கூட நின்றுவிட்டது.

“அடடா,” என்றார் மிஸஸ் குவில்டி.

கெல்வின் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“குட்டியப் பாருங்க கெல்வின்! தூங்குது! பெட்டில இதைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? இல்ல. வாங்கினவன் வீட்டுக்குப் போய், கட்டி, அப்புறம்தான் கண்டுபிடிப்பான். கீழ வரைக்கும் ஒரே மாதிரி நிறைஞ்சிருக்கு. இதுதான் சரியா வெந்த கேக்.” கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார், கேக்கைக் கையாலும் மூக்காலும் பார்க்கிறவர் அவர். கத்தி முனை செர்ரிக்கு ஒரு மயிரிழை தூரத்தில் நின்றது, பிறகு விலகியது. மேல்பாதியைப் பழையபடி பொருத்தினார். “மனசுல நீலம் இதுக்குத்தான். கேக்கையும் பாத்துட்டு எல்லா அட்டையும் ஒண்ணா எழுதிடலாம்.”

நீலம்! வெள்ளை கேட்டவருக்கு நீலம்! கெல்வினின் கால்கள் தரையில் இல்லை. கேக் மேசைவரை மிதந்துதான் போனார்.

மேசையில் பழக் கேக்குகள் வரிசையாகக் கறுத்து மின்னின. நடுவில் நெரிடாவின் கேக். வருஷா வருஷம் நீலம் வாங்கி வாங்கி, ரிப்பன்களை வைத்துத் தையல் இயந்திரத்துக்கு உறையே தைத்திருந்தாள். கெல்வின் அதைப் பெருமையோடு பார்த்தார். கேக்கின் ஓரத்தில் ஒரு செர்ரி எட்டிப் பார்த்தது. சிவப்பு. கண்ணாடிபோல் மினுமினுப்பு.

மிதந்துகொண்டிருந்தவர் தொப்பென்று தரைக்கு வந்தார்.

அடுக்களை மேசை. போஸம். நாய். வானத்துக்கு எழும்பிய கட்டைகள். மறுபாதியில் வாயைப் பிளந்துகொண்டு நெரிடாவின் மாவுக் கிண்ணம். அடுப்புக்குப் பின்னால் தேடியவர், நாய்க்குப் பின்னால் அலைந்தவர், அடுப்புக்குள் போனதைப் பற்றி யோசிக்கவே இல்லை!

மிஸஸ் குவில்டி முதல் கேக்கை நடுவே பிளந்து, மெல்லிய துண்டு ஒன்றை அறுத்து, வாயில் போட்டு மென்றார். அவருடைய பற்கள் அத்தனையும் சொந்தப் பற்கள். அந்த வயசில் சொந்தப் பல் வைத்திருப்பது வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. இரண்டாவது கேக். மூன்றாவது. கத்தி நெருங்கிக்கொண்டே வந்தது.

வாயைத் திறக்காவிட்டால் நீலம் தன்னுடையது. அறை தன்னுடையது. கல் அந்தத் துண்டில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேக் பெரிது, கல் சின்னது. ஆனால் இருந்துவிட்டால்? மிஸஸ் குவில்டியின் பல். நெரிடாவின் கேக்கின் மேல் அந்த அட்டை. அதற்குப் பிறகு நெரிடா ஊருக்குள் எப்படி நடப்பாள்?

வாயைத் திறந்தால், கல் ஏன் கேக்கில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அப்படியானால் வளைக்குள் மினுங்குவது என்ன என்றும் சொல்ல வேண்டும்.

கத்தி நெரிடாவின் கேக்கின் மேல் படிந்தது.

“மிஸஸ் குவில்டி!” கெல்வினின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. “அறுக்காதீங்க. அறுத்தாலும் கடிக்காதீங்க.”

கத்தி நின்றது. உதவியாள் பேசி மிஸஸ் குவில்டி கேட்டதே இல்லை. மேசை பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

கெல்வின் மூச்சு விடாமல் கொட்டினார். போஸத்தில் ஆரம்பித்து, நாய் வழியாக, செர்ரி ஜாடி வரைக்கும். “கேக்குமேல தப்பில்ல. சுட்டவ மேலயும் தப்பில்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் என் வேலை. தயவு செஞ்சு அட்டையை என் தலையில ஒட்டுங்க, கேக்ல ஒட்டாதீங்க.”

மிஸஸ் குவில்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். நெற்றிக் கண்ணாடியை இறக்கி மாட்டினார்.

“இது யார் கேக்னு நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? போர்ட் ஒயின்ல செர்ரி ஊறப் போடுறது இந்த ஊர்ல ஒரே வீடு. எனக்கு மூக்கு இருக்கு. ஆனா நடுவர் தீர்ப்புச் சொல்றது கத்திக்குக் கீழ வர்ற துண்டுக்கு. அதுல என்ன இருக்கோ அதான் கேக்.”

அறுத்தார்.  கத்தி வெண்ணெய்க்குள் போவதுபோல் இறங்கி அடித்தட்டைத் தொட்டது. துண்டைச் சாய்த்தார், இரண்டு பக்கமும் விரலால் அழுத்தித் தடவினார், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். திராட்சை, தோல், பாதாம், செர்ரி. வேறொன்றுமில்லை. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, அணுகுண்டைச் செயலிழக்க வைப்பவரைப்போல அவ்வளவு மெதுவாக மென்றார்.

“நீலம்,” என்றார்.

பிறகு நேரே பிளாக்ஸ் மேசைக்கு நடந்தார். வாம்பட்டின் மேல்பாதியைக் கழற்றி, கத்தி முனையால் செர்ரியைக் குத்தி எடுத்து, முகர்ந்து, வாயில் போட்டுக்கொண்டார்.

“ரொம்ப நல்ல செர்ரி,” என்றார். “ஆனா பெட்டில வந்ததில்ல. எழுதுங்க கெல்வின்.”

உதவியாளின் வேலை அதுதானே. கெல்வின் தன் கையாலேயே ‘விதிக்கு மாறு’ என்று எழுதி, தன் வாம்பட்டின் முன்னால் தானே நட்டார். நீல ரிப்பன் பாய்ந்தோடும் காருக்குப் போயிற்று. கல்லைப் பற்றி வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் என்பது அவருக்குப் புரிந்தபோது, கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

முதலில் டேரில் ஓடிவந்து கோபுரத்தின் இரு பாதிகளையும் அணைத்துக்கொண்டான். “கொலைகாரி,” என்று முணுமுணுத்தான், மிஸஸ் குவில்டி தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு. வாம்பட்டின் அட்டையைப் பார்த்ததும் அவன் துக்கம் பாதியாகக் குறைந்தது.

பின்னாலேயே நெரிடா. அவளுக்குப் பின்னால் ஏவ்ரில், கையில் அளவு நாடாவோடு.

“பின்னறை ஜன்னலுக்குத் திரை தைக்கணும், அளவெடுக்கணும்,” என்றாள் ஏவ்ரில், வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லாமல். “கெல்வின், அந்த அட்டைல என்ன எழுதியிருக்கு? வாசி. சத்தமா வாசி. ரிப்பன் இல்லியா? ஐயோ பாவம். மூட்டை கட்ட நான் வேணா வந்து உதவி பண்றேன்.”

நெரிடா அட்டையைப் பார்த்தாள். மிஸஸ் குவில்டி அவளைத் தனியே இழுத்து, காதோடு காதாக என்னவோ சொன்னார். நெரிடா கெல்வினைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா வேறென்ன இருந்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீலம் வாங்கிய கேக்கின் மீதியை அங்கேயே துண்டு போட்டு, தேநீரோடு பந்தி வைப்பது கூனாபின் வழக்கம். மிஸஸ் குவில்டி ஒரு கம்பியை எடுத்துக் கேக் முழுவதையும் குத்திப் பார்த்தார், ஒன்றும் தட்டுப்படவில்லை. இருந்தாலும் கெல்வினுக்கு நம்பிக்கை வரவில்லை. தட்டோடு நின்ற ஒவ்வொருவரிடமும் ஓடினார். “மெதுவா மெல்லுங்க. நாக்கால தடவிட்டு மெல்லுங்க.” ஊர் அவரைப் பைத்தியம் என்று முடிவு கட்டிக்கொண்டு மெதுவாக மென்றது.

ஏவ்ரில் ஆகப் பெரிய துண்டை எடுத்தாள். அவளுக்கு மேல்வரிசை முழுவதும் புதுப் பல் செட். பல் மருத்துவர் அந்தக் காசில் படகு வாங்கியதாகப் பேச்சு.

“ஏவ்ரில், ஒரு நிமிஷம். அந்தத் துண்டுல—”

“பாத்தியா நெரிடா, பாத்தியா? உன் புருஷனுக்கு நான் ஒரு வாய் கேக் தின்னாக்கூடப் பொறுக்கல!”

“அதில்ல, உள்ளே ஒரு கல்—”

“பேசாதே. நான் சாப்பிடும்போது யாரும் பேசக்கூடாது. என் வீட்டுல அதான் சட்டம், இனிமே உங்க வீட்டுலயும் அதான் சட்டம்.”

கடித்தாள்.

‘டக்.’

அந்தச் சத்தத்துக்கு செம்மறிக் கொட்டகையில் ஆடுகள் தலை தூக்கின என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஏவ்ரிலின் கண்கள் விரிந்தன. கையை வாய்க்குக் கொடுத்தாள். மேல்வரிசை அப்படியே கைக்கு வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. கடைவாய்ப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே, மோதிரத்தில் பதித்ததுபோல், சிவப்புக் கல் ஜொலித்தது.

கல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டுவிட்டுப் பல் செட்டைத் திரும்ப மாட்டும்வரை ஏவ்ரிலுக்குப் பேச்சு வரவில்லை. கூனாபினுக்கு அது ஒரு பொது விடுமுறை மாதிரி இருந்தது. பிறகு வந்தது. “கேக்ல கல்லு! திங்கிற பண்டத்துல பிளாஸ்டிக்! நாளைக்குச் சூப்புல ஆணி கிடக்கும், படுக்கைல வாம்பட் கிடக்கும்! நெரிடா, நீ என் காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் சரி, இந்த மனுஷன் இருக்கிற வீட்டுல நான் ஒரு ராத்திரி தங்க மாட்டேன்! என் கிளிங்க எதையாவது முழுங்கிச் செத்தா யாரு பொறுப்பு?”

“அக்கா, அப்படிச் சொல்லாதேக்கா,” என்றாள் நெரிடா. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். தோள் குலுங்கியது.

“சொன்னது சொன்னதுதான்!” அளவு நாடாவை ஊறுகாய் மேசையில் வீசிவிட்டு ஏவ்ரில் வெளியேறினாள்.

மிஸஸ் குவில்டி கல்லைத் தேநீரில் அலசி, அங்கியில் துடைத்தார். கூட்டம் வழிவிட்டது. வாம்பட்டைத் திறந்து குட்டியின் காலடியில் கல்லை வைத்து அழுத்தினார். ‘கிளிக்’. மூடிவிட்டு, குனிந்து ஜன்னல் வழியாக நெடுநேரம் பார்த்தார். அட்டையைத் தொடவில்லை, நட்ட அட்டையை அவர் பிடுங்கியதாகச் சரித்திரமே இல்லை.

“தீர்ப்பு தீர்ப்புதான் கெல்வின். ஆனா ஒரு பார்மா காசுக்கு ஒரு முழு அறை கிடைச்சிருக்கு. இதைவிட மதிப்பான செட்டை நான் அறுத்ததில்ல.”

வாம்பட்டை மடியில் வைத்துக்கொண்டு நெரிடா வண்டியில் உட்கார்ந்தாள். வண்டி கோதுமை வயல்களைத் தாண்டிப் போயிற்று. கெல்வின் ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து வண்டியை இரண்டு தடவை சாலையிலிருந்து இறக்கிவிட்டார்.

“கோபமா?”

“என் செர்ரியத் திருடினே. என் கேக்ல கல்லைப் போட்டே. ஊர் முன்னாடி அந்த அட்டையையும் வாங்கினே.” மண்கட்டியின் சின்ன ஜன்னல் வழியாக வாம்பட்டின் வளைக்குள் எட்டிப் பார்த்தாள். “அடுத்த வருஷம் கண்காட்சிக் கேக் கலக்கும்போது நீ அடுக்களைப் பக்கம் தலை காட்டினா கையை ஒடிச்சிடுவேன்.”

“சரி.”

“ஆனா கிறிஸ்துமஸ் கேக் கலக்கும்போது உன் பெட்டியெல்லாம் எடுத்துட்டு வந்து என் பக்கத்துலயே உக்காரு. நாயையும் கூட்டிட்டு வா.”

“எதுக்கு?”

“கோபம் ஆறினா அக்கா கிறிஸ்துமஸுக்கு வருவா,” என்றாள் நெரிடா.